ஸ்டார்லி போட்ட ஃபிரேம்

லேண்ட் ரோவர் இப்போ டாடா கையில் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த 'ரோவர்' பெயர் காருக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு சைக்கிளில் இருந்தது. செய்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி.

தோட்டக்காரர் மகன். 1872இல் கவன்ட்ரி நகருக்குப் போய், அப்பாவோட கூடப்பிறந்த ஜேம்ஸ் ஸ்டார்லியிடம் சைக்கிள் வேலை பழகினார். அப்போ சைக்கிள்னா முன்னாடி பிரம்மாண்டமான சக்கரம், பின்னாடி குட்டிச் சக்கரம். ஓட்டுறவர் முன் அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே உட்காரணும். பிரேக்? கரண்டி மாதிரி ஒரு இரும்பு, டயரை மேலிருந்து அழுத்தும். பலமா பிடிச்சா பின்சக்கரம் தூக்கி ஆள் தலைகுப்புற விழுவார். கை உடைஞ்சவங்க உண்டு, செத்தவங்களும் உண்டு. அந்த வண்டிக்கு எவ்வளவு நல்ல பிரேக் போட்டாலும் ஆபத்துதான் கூடும். முதல் வருஷம் படிச்ச மொமெண்ட் கணக்குதான் இது.

ஸ்டார்லி பிரேக்கைப் பிடிச்சுத் தொங்கல, ஆளை இடம் மாத்தினார். 1885இல் வந்த அவருடைய ரோவரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. செயின் பின்சக்கரத்தைச் சுத்தும், ஆள் நடுவில் தாழ்வா உட்காருவார். அதே வருஷம் அதை வெச்சு 100 மைல் சாதனையை உடைச்சாங்க. போலந்தில் இன்னைக்கும் சைக்கிளுக்கு 'ரோவர்'னுதான் பேரு. 1888இல் மூணு சக்கர எலக்ட்ரிக் வண்டியும் செய்து பார்த்தார். 1901இல் இறந்துட்டார், கம்பெனியின் காரைப் பார்க்கவே இல்லை.

ஃபிரேம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. 1949இல் ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் அதே வம்சம்தான். எங்க கயத்தாறு பக்கம் அந்த மாதிரி பழைய 28 இன்ச் வண்டிகள் இன்னும் ஓடுது, அதுவும் நாலுவழிச் சாலை ஓரமா. கம்பி பிரேக், இரும்பு ரிம். மழையில் நனைஞ்சா கட்டை வழுக்கும், வண்டி நிக்காது.

கேபிள் வெச்ச கேலிப்பர் பிரேக் மாட்ட ஃபிரேமை வெட்ட வேண்டாம். ஆனா கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும், கேலிப்பர் பக்கவாட்டைப் பிடிக்கும். பழைய ரிம்மில் பக்கம் வளைவா இருக்கும், அதனால தட்டையான பக்கம் உள்ள அலுமினிய ரிம் மாத்தியே ஆகணும். கேலிப்பர் கை ரிம்மை எட்டுதா, ஃபோர்க் தலையில் துளை இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க. காசு ஒரு சக்கரத்துக்குத்தான் இருக்குன்னா முன்சக்கரத்துக்குப் போடுங்க. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடிதான் போகும். ஆள் பின்னாடி தள்ளி உட்கார்ந்திருக்கிறதால, தார் ரோட்டில் அளவா பிடிச்சா கவிழாது.