நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்: தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாத வாழ்வு

கல்முனைக்குடியில் வளர்ந்தவர்களுக்குக் கடற்கரைப்பள்ளியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை கண்டதும் அங்கே கொடியேறும். கடல்கடந்து வாழும் எமது சகோதரிகளுக்கும் அந்நாட்களின் சன நெரிசலும் மிட்டாய்க் கடைகளும் நினைவிருக்கும். அங்கு அடக்கஸ்தலம் இல்லை. அது நாகூர் ஆண்டகையின் நினைவாக அமைந்த இடம். கொடியேற்றம், கந்தூரி பற்றி எம்மவரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆயினும் அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார் என்பதை எல்லோரும் அறிந்திருப்பது நன்று.

சாஹுல் ஹமீது வலியுல்லாஹ் வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்தவர். தந்தையார் ஹஸன் குத்தூஸ், தாயார் பாத்திமா. குடும்பம் அப்துல் காதிர் ஜீலானி நாயகத்தின் வழிவந்தது என்பது மரபு. இளமையிலேயே கல்வி தேடிக் குவாலியருக்குச் சென்று, அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த முஹம்மது கௌது அவர்களிடம் ஆன்மிகப் பயிற்சி பெற்றார். நல்ல குடிப்பிறப்பும் கல்வியும் உள்ள ஒருவர் அந்நாளில் அரசவையை நாடியிருக்கலாம். அன்னாரோ பக்கீரின் வாழ்வைத் தேர்ந்தெடுத்தார்.

பக்ர் என்ற அரபுச் சொல்லுக்கு வறுமை என்பது பொருள். றபானோடு எமது ஊர்களுக்கு வரும் பாவாமாரைப் பக்கீர்கள் என்பதும் இதனாலேயே. ஆனால் சூபிகள் சொன்ன வறுமை, பிள்ளைக்குச் சோறில்லாமல் தாய் தவிக்கும் வறுமையல்ல. அந்த வறுமையை எவரும் விரும்பிக் கேட்பதில்லை. அதைப் போக்குவது சமூகத்தின் கடமை. சூபிகளின் வறுமை, கிடைக்கக்கூடியதை வேண்டாமென்று விடுவது. வந்ததைப் பிறர் கைக்குக் கொடுத்துவிடுவது. கிறிஸ்தவ உலகிலும் அன்னாரின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் இப்படி வாழ்ந்தோர் இருந்தனர். இத்தாலியின் அசிசி நகரில் துணி வியாபாரியின் மகனான பிரான்சிஸ் செல்வத்தைத் துறந்தார். அவர் வழியில் 1212இல் வீட்டைவிட்டுப் போன கிளாரா என்ற பெண், தமது மடத்துச் சகோதரிகள் சொத்தின்றி வாழும் உரிமைக்காக ஆயுள் முழுதும் வாதாடி, 1253இல் மரணப் படுக்கையில் பாப்பரசரின் ஒப்புதலைப் பெற்றார்.

சாஹுல் ஹமீது நாயகம் நெடுந்தூரம் பயணித்தார். மக்காவுக்குச் சென்று ஹஜ்ஜை நிறைவேற்றினார். 404 பக்கீர்கள் அன்னாருடன் வந்ததாக மரபு கூறும். திருமணம் செய்யவில்லை, யூசுப் என்பவரை மகனாக ஏற்று வளர்த்தார். இறுதியில் சோழமண்டலக் கரையில் நாகூரை அடைந்தார். வாஞ்சூரிலும், கடலோரமான சில்லடியிலும் தனித்திருந்து வணங்கினார்.

தஞ்சை நாயக்க மன்னரின் தீராத நோயை அன்னார் போக்கியதாகவும், மன்னர் நன்றியாக நிலம் வழங்கியதாகவும் நாகூர் வரலாறு சொல்கிறது. அந்த நிலம் உடன் வந்தோர் தங்கும் இடமாயிற்று. 1570இல், ஹிஜ்ரி 978இல், அன்னார் காலமானார்.

எதையும் சேர்க்காதவரின் அடக்கஸ்தலத்துக்குப் பின்னர் செல்வம் வந்து குவிந்தது. நாகூரின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சையின் மராட்டிய மன்னர் பிரதாபசிங். கப்பலோட்டிய தமிழ் முஸ்லிம்கள் அன்னாரின் பெயரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோனார்கள். எமது கரைக்கும் அப்பெயர் கடல்வழியே வந்து சேர்ந்தது. நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘கன்ஜுல் கறாமாத்து’ என்ற நூலில் அன்னாரின் அற்புதங்களை விரிவாக எழுதினார். அற்புதங்கள் பேசப்பட்ட அளவுக்கு அன்னாரின் எளிமை பேசப்படவில்லை என்பது எமது தாழ்மையான எண்ணம்.

நாகூரில் அன்னாரின் அருகே யூசுப் அவர்களும், அவர் மனைவி சுல்தான் பீவி அவர்களும் அடங்கியுள்ளனர். பக்கீரின் வீட்டை நடத்திய அந்தப் பெண்மணியைப் பற்றி நாம் கேள்விப்படுவது மிகக் குறைவு. வருவோரெல்லாம் உண்ணும் வீட்டில், தனக்கென எடுத்துவைக்காமல் பரிமாறுவது எத்தகைய வேலை என்பதை எம் தாய்மார் நன்கறிவர். இன்று கல்வியும் உத்தியோகமும் பெற்று உலகெங்கும் பரந்திருக்கும் எமக்கு வறுமை விதிக்கப்படவில்லை. எவ்வளவு போதும் என்பதைத் தீர்மானிக்கும் வசதி எமக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தீர்மானிக்கும்போது அன்னாரின் வாழ்வு எமக்குப் படிப்பினையாக அமையட்டும்.