கோழிகள் காட்டிய வழி

கிறிஸ்தியான் எய்க்மன் 1858ஆம் ஆண்டு நெதர்லாந்தில் பிறந்த மருத்துவர். பெரிபெரி நோயை ஆராயும் குழுவுக்கு உதவியாக 1886இல் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு வந்தார். அந்நோய் கண்டவர்களின் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், இதயம் பலவீனமடைந்து பலர் இறந்தனர். கிருமிதான் காரணம் என்று எல்லாரையும் போல அவரும் நம்பினார்.

ஒருமுறை ஆய்வுக்கூடக் கோழிகள் நிற்க முடியாமல் தள்ளாடின. கிருமி எதுவும் அகப்படவில்லை. பிறகு, மருந்தில்லாமலேயே அவை தேறிவிட்டன. வியப்படைந்த எய்க்மன் அவற்றின் தீவனத்தைப் பற்றி விசாரித்தார். இராணுவ மருத்துவமனையில் மீந்த வெள்ளைச் சோற்றையே கோழிகள் தின்று வந்தன. புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்ததால், தீட்டாத அரிசிக்கு மாறியிருந்தன. அந்தப் பிடிவாதக்காரரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை!

தவிடு நோயைத் தீர்க்கிறது என்று எய்க்மன் சரியாகவே கண்டார். ஆனால், வெள்ளை அரிசியிலுள்ள நஞ்சைத் தவிடு முறிக்கிறது என்று தவறாக விளக்கினார். உடல்நலம் குன்றி 1896இல் நாடு திரும்பினார். அரிசியைத் தீட்டும்போது உடலுக்குத் தேவையான ஒரு சத்து நீங்கிவிடுகிறது என்று 1901இல் விளக்கியவர், அவர் பணியைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். எய்க்மனும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டார்.

அச்சத்தே வைட்டமின் பி1. பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றிலும் அது உண்டு. நெல்லை அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால்தான், அக்கால மலாயாவில் புழுங்கலரிசி உண்ட தமிழர்களைப் பெரிபெரி அதிகம் அண்டவில்லை.

1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. நோயுற்றிருந்த அவரால் அதைப் பெறச் செல்ல முடியவில்லை. மறு ஆண்டு அவர் காலமானார்.