பொம்மைக் கிரேன் செய்த கணக்கப்பிள்ளை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

எங்கள் திருச்சுழிப் பக்கத்தில் கிரேன் என்றால் துறைமுகத்துக் கிரேன் அன்று, கிணற்றுக் கிரேன். மழை பொய்த்த ஆண்டுகளில் கிணற்றை ஆழப்படுத்துவார்கள். மேட்டில் கிரேனை நிறுத்தி, டீசல் என்ஜினால் கம்பி வடத்தைச் சுற்றி, உடைத்த பாறையை இரும்புத் தொட்டியில் மேலே தூக்குவார்கள். கீழே நின்று அந்தத் தொட்டியை நிரப்புகிறவர்களில் என் தந்தையும் ஒருவர். நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் தொட்டி பாதி உயரம் போனதும் என்ஜின் நின்றது, பிரேக்கும் பிடிக்கவில்லை. வந்த வேகத்தில் தொட்டி கீழே இறங்கியது. அப்பா சுவரோடு சாய்ந்து உயிர் தப்பினார். இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கண்காட்சிக்கு ஓடும் மாதிரி ரயிலும், சரக்கு ஏற்றும் கிரேனும் செய்வதென முடிவானபோது, கிரேனை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்காக நூலகத்தில் தேடியபோதுதான் பிராங்க் ஹார்ன்பி என்பவரின் வரலாறு என் கண்ணில் பட்டது.

ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை உணவுப்பொருள் வணிகர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவர், தந்தையின் கடையிலேயே காசாளராக அமர்ந்தார். 1887இல் கிளாரா என்னும் பள்ளி ஆசிரியையை மணந்தார். 1899இல் தந்தை மறைய, கடையும் மூடப்பட்டது. பின்னர் எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் கணக்கெழுதும் வேலைக்குப் போனார். பொறியியல் கல்லூரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

அவருக்கு ரோலண்ட், டக்ளஸ் என இரு ஆண்மக்கள். அவர்களுக்காக ஓய்வு நேரத்தில் தகரத்தை வெட்டிப் பாலமும் வண்டியும் கிரேனும் செய்து கொடுத்தார். இங்கேதான் அவருடைய அறிவு வேலை செய்தது. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாக உறுப்புகளை வெட்டுவானேன்? ஒரே அகலத்தில் பட்டைகள், அவற்றில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை. ஆணியும் மரையும் போட்டு முடுக்கினால் இன்று கிரேனாக நிற்பது நாளை பாலமாகும்! எளிய எண்ணந்தான். ஆனால் கணக்குப் பேரேட்டின் ஒழுங்கு பழகிய மூளைக்கே இது தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் வாங்கி 1901இல் காப்புரிமை பெற்றார். எலியட்டே கூட்டாளியாகவும் சேர்ந்தார். முதலில் விற்ற பெட்டியில் பதினாறு வகை உறுப்புகளே இருந்தன. விலை ஏழரை ஷில்லிங். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டும் விலையன்று அது. சில ஆண்டுகள் இலாபமும் இல்லை. லிவர்பூல் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் ஹீலி ஷா பாராட்டி எழுதியது அவருக்குப் பெரிய துணையாயிற்று. 1907இல் மெக்கானோ என்ற பெயரைப் பதிவு செய்து, வேலையை விட்டு, சொந்தப் பட்டறை தொடங்கினார். 1914இல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916இல் மெக்கானோ இதழ், 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ஹார்ன்பி ரயில்கள், 1930களில் டிங்கி கார்கள். 1931இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். அவருடைய விளம்பரங்கள் பையன்களை மட்டுமே அழைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்காட்சியில் மின்கம்பி இணைத்தவர்கள் நால்வரும் மாணவியர்!

என்னை வியக்க வைத்தது 1925இல் வந்த அவருடைய முதல் மின்சார ரயில். வீட்டு மின்சாரத்தையே ஒரு மின்விளக்கின் வழியாகத் தணித்து ஓட்டினார்கள். பிள்ளைகள் கை வைக்கும் தண்டவாளத்தில்! ஆபத்து புரிந்ததும் குறைந்த மின்னழுத்தத்துக்கு மாறினார்கள். 1936 செப்டம்பர் 21 அன்று ஹார்ன்பி மறைந்தார். 1938இல் வந்த ஹார்ன்பி டப்ளோ ரயில் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடியது. நாங்களும் 12 வோல்ட்டையே எடுத்துக்கொண்டோம்.

ஆனால் ரயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் கிரேனுக்கும் கொடுத்தபோது வேடிக்கை நடந்தது. ரயிலின் வேகத்தைக் குறைத்தால் கிரேன் சோர்ந்தது. ரயிலைப் பின்னோக்கி விட்டால் சுமை இறங்கியது. நேர்மின்னோட்ட மோட்டார், முனைகளை மாற்றினால் எதிர்த்திசையில் சுழலும் அல்லவா? ஆகவே கிரேனுக்குத் தனி இணைப்பும் தனி சுவிட்சும் வைத்தோம். அடுத்த தொல்லை, கிரேன் சுழலச் சுழலக் கம்பி முறுக்கி அறுந்தது. நடுத்தண்டில் இரண்டு பித்தளை வளையங்களைப் பொருத்தி, அவற்றை உரசி நிற்கும் தகடுகள் வழியாக மின்சாரம் கொடுத்தபின் எத்தனை சுற்று சுற்றினாலும் கவலையில்லை.

இனி நான் கேட்டு வாங்கிய வேலைக்கு வருகிறேன். மின்சாரம் நின்றால் சுமை என்ன ஆகும்? முதலில் சாதாரணப் பற்சக்கரம் வைத்துப் பார்த்தேன். சுவிட்சை அணைத்ததும் கொக்கியில் தொங்கிய கல் சரசரவென்று இறங்கியது. அன்று என்னால் மேற்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. பிறகு மெக்கானோ பெட்டிகளிலும் வந்த திருகுத்தண்டைப் பொருத்தினேன். திருகின் சாய்வு குறைவாக இருந்தால் தண்டு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் தண்டைச் சுழற்ற முடியாது. உராய்வு தடுத்துவிடும். உராய்வை வீணாகும் ஆற்றல் என்றே படித்த எனக்கு, அது ஒரு காவலாளி என்று அன்றுதான் தெரிந்தது.

லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. ஹார்ன்பி பெயரில் மாதிரி ரயில்கள் இன்றும் விற்பனையாகின்றன.

கண்காட்சிக்கு அப்பா வந்திருந்தார். ரயிலை அவர் பார்க்கவே இல்லை. சுமை பாதி உயரம் ஏறியதும் தாமே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். கல் அந்தரத்தில் நின்றது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பல் தேய்ந்துபோனால் அப்போது யார் பிடிப்பார்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் காலை, வடம் சுற்றும் உருளையில் ஒரு பல்லிணைச் சக்கரமும், அதில் விழுந்து தடுக்கும் நாக்கும் சேர்த்தேன். இறக்கும்போது மட்டும் அந்த நாக்கைக் கையால் தூக்கிவிட வேண்டும்.