அயோத்திதாசரும் தமிழன் இதழும்

சென்னை இராயப்பேட்டையிலிருந்து 1907 சூன் 19 அன்று நான்கு பக்க வார இதழ் ஒன்று வெளிவந்தது. விலை ஒரு பைசா. பெயரும் ஒரு பைசாத் தமிழன். அதனை நடத்தியவர் சித்த மருத்துவராகப் புகழ்பெற்றிருந்த அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). காத்தவராயன் என்னும் இயற்பெயரை விடுத்துத் தம் ஆசிரியரின் பெயரையே சூடிக்கொண்டவர் அவர்.

பிறர் இட்ட இழிபெயர்களை ஏற்க மறுத்து, ஒடுக்கப்பட்ட மக்களை ஆதித்தமிழர் எனப் பதியுமாறு 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே அவர் கோரினார். அம்மக்களைப் பற்றிப் பிறரே எழுதிவந்த காலத்தில், பூர்வகுடிகள் தம் வரலாற்றைத் தாமே எழுதும் களமாக இதழை ஆக்கினார். ஓலைச்சுவடி, பழமொழி, திருவிழா, செவிவழிக் கதை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இந்திரர் தேச சரித்திரத்தைத் தொடராக எழுதினார். வாசகர்தம் ஐயங்களுக்கும் விடை பகர்ந்தார். அவருடைய சொல்லாராய்ச்சி முடிபுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. ஆயினும், எளியோர் வழக்காறும் வரலாற்றுச் சான்றே என்று அன்றே துணிந்து எழுதியவர் அவர்.

ஓராண்டுக்குப் பின் தமிழன் எனப் பெயர் மாறிய அவ்விதழ், கோலார் தங்கவயல், பர்மா, தென்னாப்பிரிக்கா என உழைக்கச் சென்ற தமிழரைத் தேடிச் சென்றது. 1914 மே 5 அன்று மறையும்வரை அவர் அதனைக் கைவிடவில்லை. நெடுங்காலம் சிதறிக் கிடந்த அவ்வெழுத்துகள், ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பட்டு, 1999 முதல் பாளையங்கோட்டையிலிருந்து நூல்களாக வெளிவந்தன.