பத்து டாலர் இல்லாத தொழில்முனைவர்

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் பள்ளி மாணவர்கள் தயங்காமல் கிரஹாம் பெல் என்பார்கள். அதே கேள்வியை இத்தாலியில் கேட்டால் அந்தோனியோ மெயூச்சி என்ற பெயரே பதிலாக வரும். நூறாண்டுகளைக் கடந்தும் இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை. ஆனால், மெயூச்சியின் வாழ்க்கையை அந்த ஒரு கருவியோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அது, அந்நிய மண்ணில் சிறுதொழில்களைத் தொடங்கி, ஒவ்வொன்றாக வளர்த்து, ஒவ்வொன்றாக இழந்த ஒரு சிறு முதலாளியின் வரலாறு. அறிவு செல்வமாக மாறுவதற்கு அறிவைத் தவிர வேறு என்னென்ன வேண்டும் என்பதை அந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 1808 ஏப்ரல் 13 அன்று மெயூச்சி பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் அந்நகரின் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்து வேதியியலும் இயந்திரவியலும் பயின்றார். இரண்டே ஆண்டுகளில் பணமுடை குறுக்கிட்டது. சுங்கச் சாவடியில் சிறு வேலை பார்த்தபடி பகுதிநேரமாகப் படிப்பைத் தொடர்ந்தார். பின்னர் பெர்கோலா நாடக அரங்கில் மேடைத் தொழில்நுட்பப் பணி கிடைத்தது. மேடைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே குழாய் வழியாகப் பேசும் ஏற்பாடு ஒன்றை 1834-இல் அவர் அங்கே அமைத்தார். அதே ஆண்டில், நாடக உடைகள் வடிவமைக்கும் எஸ்தெரெ மோக்கியை மணந்தார்.

இத்தாலி அப்போது ஒரே நாடாக இல்லை. சிதறிக் கிடந்த சிற்றரசுகளில் விடுதலை வேட்கை கொண்டோர் மீது காவலர்களின் கண் எப்போதும் இருந்தது. மெயூச்சியும் அந்தச் சந்தேக வளையத்துக்குள் வந்தவர். 1835-இல் கணவனும் மனைவியும் கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்குக் கப்பலேறினர். அங்கே டாகோன் நாடக அரங்கில் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஓய்வு நேரத்தில் மெயூச்சி தொழில்முனைவரானார். அன்றைக்குப் புதுமையாக இருந்த மின்முலாம் பூசும் கலையைக் கற்று, ஸ்பானியப் படையினரின் தளவாடங்களுக்கு முலாம் பூசும் ஒப்பந்தத்தைப் பெற்றார். மின்சாரத்தைக் கொண்டு மூட்டுவலிக்குச் சிகிச்சை அளிக்கவும் முயன்றார். அப்படிப்பட்ட ஒரு சோதனையின்போது, 1849-இல், செப்புக் கம்பி வழியாக நோயாளியின் குரல் தம் காதுக்கு எட்டியதாக அவர் பின்னாளில் தெரிவித்தார். தொலைபேசி பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியது அங்கேதான்.

பதினைந்து ஆண்டுக் கால ஹவானா வாழ்வில் அவர் சேர்த்த பணம் ஏறத்தாழ 26,000 பெசோ. அன்றைய நிலையில் அது பெருந்தொகை. அதை எடுத்துக்கொண்டு 1850-இல் அமெரிக்காவுக்கு வந்து, நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய ஸ்டேட்டன் தீவின் கிளிஃப்டன் பகுதியில் குடியேறினார். வெறுங்கையோடு வந்து செல்வந்தரான குடியேறிகளின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். மெயூச்சியின் கதை அதற்கு நேர்மாறானது. அவர் செல்வத்தோடு வந்து வெறுங்கையரானவர்.

அவர் முதலில் தொடங்கியது மெழுகுவத்தித் தொழிற்சாலை. இத்தாலிய விடுதலைப் போரில் தோற்று நாடு கடந்து வந்தவர்கள் பலர் அதில் வேலை பார்த்தனர். அவர்களில் ஒருவர் கரிபால்டி. பாரதி பாடிய மாஜினியின் தோழரும் பின்னாளில் இத்தாலியை ஒன்றிணைத்த தளபதியுமான அதே கரிபால்டிதான். 1850-51 காலத்தில் மெயூச்சியின் வீட்டில் தங்கி, மெழுகுவத்திக்காகக் கொழுப்புக் காய்ச்சும் வேலையில் அவரும் கை கொடுத்தார். தொழிற்சாலையா, அகதிகள் முகாமா என்று பிரித்தறிய முடியாதபடி அந்த இடம் இருந்தது. அங்கே வேலையும் உறைவிடமும் தேசபக்தியும் ஒன்றாகக் கலந்திருந்தன. அது மெயூச்சியின் மனிதப் பண்புக்குச் சான்று. வணிகக் கணக்கில் பார்த்தால், திறமைக்கு ஏற்ப ஆளை எடுக்காமல், ஆளுக்கு ஏற்ப வேலையை உண்டாக்கிய நிறுவனம் அது.

அவர் தேர்ந்தெடுத்த தொழிலின் காலமும் சாதகமாக இல்லை. நகரங்களில் எரிவாயு விளக்குகள் பரவிக்கொண்டிருந்தன. கொழுப்பு மெழுகுவத்திகளின் இடத்தைப் பாரஃபின் மெழுகு பிடித்தது. 1859-இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பிறகு மண்ணெண்ணெய் விளக்கு ஏழை வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மெயூச்சி இதை உணராதவர் அல்லர். மெழுகுவத்தி அச்சுக்கு 1859-இல் காப்புரிமை பெற்ற அவர், பாரஃபினுக்கு மாறினார். விளக்குகளிலும் திரியிலும் புதுமை செய்தார். வண்ணப்பூச்சுக்கான எண்ணெய், மரத்திலிருந்து காகிதக் கூழ், நுரைத்தெழும் பானம், உணவுக்கான சாறு, பாலின் தரமறியும் முறை எனப் பலவற்றுக்கும் அடுத்தடுத்துக் காப்புரிமை பெற்றார். இடையே கிளிஃப்டனில் பீர் ஆலை ஒன்றையும் தொடங்கினார். ஒரு தொழில் விழும்போது அடுத்ததைத் தொடங்கும் ஊக்கத்துக்கு அவரிடம் குறைவே இல்லை.

ஊக்கம் இருந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் இத்தாலிய மொழியும் ஸ்பானிய மொழியும் பேசிய அவருக்கு ஆங்கிலம் கடைசிவரை கைகூடவில்லை. ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லவும், கணக்கை எழுதவும், வழக்கறிஞரிடம் பேசவும் பிறரையே நம்ப வேண்டியிருந்தது. கடன் பெற்றவர்கள் ஏமாற்றினார்கள். பீர் ஆலையும் கைநழுவியது. 1861 நவம்பரில் அவருடைய வீடே ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தவர் இரக்கம் கொண்டு, வாடகை கேட்காமல் அவர்களை அங்கேயே குடியிருக்க விட்டார். கரிபால்டிக்கு அடைக்கலம் தந்த வீட்டில், அதன் முன்னாள் உரிமையாளர் பிறர் தயவில் வாழும் நிலை வந்தது.

இந்தச் சரிவுகளுக்கு நடுவில்தான் தொலைபேசி வளர்ந்தது. 1850-களின் நடுப்பகுதியில் எஸ்தெரெ முடக்குவாதத்தால் படுக்கையில் விழுந்தார். கீழ்த்தளத்தில் இருந்த பட்டறைக்கும் மேல்மாடியில் மனைவி படுத்திருந்த அறைக்கும் இடையே மெயூச்சி கம்பி இழுத்துப் பேசும் கருவியைப் பொருத்தினார். அதன்பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை அவர் செய்து பார்த்ததாக அவர் தரப்பு கூறுகிறது.

1871 ஜூலை 30 அன்று ஸ்டேட்டன் தீவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய வெஸ்ட்ஃபீல்டு என்னும் நீராவிப் படகின் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். கடுமையான தீக்காயங்களோடு உயிர் பிழைத்தவர்களில் மெயூச்சியும் ஒருவர். அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோது, மருந்துக்கும் உணவுக்கும் வழியின்றி எஸ்தெரெ கணவரின் கருவிகளைப் பழைய பொருள் வாங்குபவரிடம் விற்றார். கிடைத்த தொகை ஆறு டாலர் என்று சொல்லப்படுகிறது. உடல் தேறிய மெயூச்சி அவற்றைத் தேடிச் சென்றபோது அவை கைமாறிப் போயிருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் மூன்று இத்தாலியர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு தெலெத்ரோஃபோனோ என்னும் நிறுவனத்தை அவர் தொடங்கினார். முழுக் காப்புரிமை பெற வழக்கறிஞர் செலவு உட்பட ஏறத்தாழ 250 டாலர் வேண்டும். பங்காளிகள் திரட்டித் தந்தது 20 டாலர். எனவே, 1871 டிசம்பர் 28 அன்று முன்னறிவிப்பு மனுவை மட்டும் தாக்கல் செய்தார். ஒரு கண்டுபிடிப்புக்குத் தாம் உரிமை கோரப்போவதாகக் காப்புரிமை அலுவலகத்துக்குத் தெரிவித்துவைக்கும் ஏற்பாடு அது. ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். ஆண்டுதோறும் பத்து டாலர் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு முறை புதுப்பித்தார். 1874 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பத்து டாலருக்கு வழியில்லாமல் போயிற்று. இடையில், நியூயார்க் தந்தி நிறுவனம் ஒன்றின் துணைத் தலைவரை அணுகி, தம் கருவியைத் தந்திக் கம்பிகளில் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டிருந்தார். காலம் கடத்தப்பட்டதே தவிர சோதனை நடக்கவில்லை. கொடுத்த ஆவணங்களும் தொலைந்துவிட்டதாக இறுதியில் சொல்லப்பட்டது.

மனு காலாவதியாகி ஏறத்தாழ பதினான்கு மாதங்களுக்குப் பின், 1876 பிப்ரவரி 14 அன்று, அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் விண்ணப்பம் அதே அலுவலகத்துக்கு வந்தது. மார்ச் 7 அன்று காப்புரிமை கிடைத்தது.

பெல்லும் குடியேறியவர்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்து, கனடா வழியாக பாஸ்டனுக்கு வந்தவர் அவர். ஆனால், இரு குடியேறிகளுக்கும் இடையே இருந்த தூரம் பெரிது. பெல்லின் தாய்மொழி, அவர் குடியேறிய நாட்டின் ஆட்சிமொழி. அவருக்கு மாமனாரான கார்டினர் ஹப்பர்டு ஒரு காப்புரிமை வழக்கறிஞர். சோதனைகளுக்குப் பணம் தந்த இன்னொருவர் தாமஸ் சாண்டர்ஸ் என்னும் தோல் வணிகர். உரிய நாளில் விண்ணப்பத்தைச் சேர்க்க ஆள் இருந்தது; கட்டணம் கட்டப் பணம் இருந்தது; வழக்கு வந்தால் எதிர்கொள்ள நிறுவனம் இருந்தது. பெல்லின் மேதைமையை இது குறைக்காது. மேதைமை மட்டும் போதாது என்பதைத்தான் இது காட்டுகிறது. மெயூச்சிக்கும் உறவுச் சுற்றம் இருந்தது. ஆனால் அது அவரைப் போலவே நொடித்துப்போன அகதிகளின் சுற்றம். அங்கே அன்பு கிடைத்தது; 250 டாலர் கிடைக்கவில்லை.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். குளோப் தொலைபேசி நிறுவனம் மெயூச்சியின் உரிமையை முன்வைத்துப் பெல் நிறுவனத்துக்கு எதிராக நின்ற வழக்கில், 1887 ஜூலையில் நீதிபதி வாலஸ் பெல்லுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மெயூச்சியின் கருவி கம்பியின் அதிர்வால் ஒலியைக் கடத்தியதே தவிர மின்சாரத்தால் பேச்சைக் கடத்தியதற்குச் சான்று இல்லை என்பது அவருடைய முடிவு. முன்னறிவிப்பு மனுவின் வாசகங்களிலும் மின்வழிப் பேச்சுக்கான நுட்பம் தெளிவாக இல்லை. அதே ஆண்டுகளில் பானத்துக்கும் பாலுக்கும் காப்புரிமை பெற முடிந்தவர் தொலைபேசிக்கு மட்டும் ஏன் பெறவில்லை என்று கேட்போரும் உண்டு. அவற்றுக்கெல்லாம் செலவு செய்ய வேறு முதலாளிகள் முன்வந்தார்கள் என்பது அவருடைய ஆதரவாளர்களின் விடை. பெல்லின் காப்புரிமையை நீக்கக் கோரி அமெரிக்க அரசே 1887-இல் தொடுத்த வழக்கு, தீர்ப்பு எதையும் எட்டாமல் 1897-இல் கைவிடப்பட்டது.

அதற்குள் வழக்கின் நாயகர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எஸ்தெரெ 1884-இல் இறந்தார். மெயூச்சி 1889 அக்டோபர் 18 அன்று, ஏலத்தில் போன அந்தத் தீவு வாழ்விலிருந்து விடைபெற்றார். அவர்கள் குடியிருந்த வீடு இன்று கரிபால்டி - மெயூச்சி அருங்காட்சியகம். 2002 ஜூன் 11 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை மெயூச்சியின் பணியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. பத்து டாலர் கட்டணத்தை அவரால் செலுத்த முடிந்திருந்தால் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்திராது என்றும் அதில் குறிப்பிட்டது. பத்தே நாள்களில், பெல்லே தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று கனடா நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. வரலாற்றை வாக்கெடுப்பால் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தொலைபேசியின் தந்தை யார் என்ற கேள்வியை வரலாற்று அறிஞர்களிடம் விட்டுவிடலாம். பத்து டாலர் என்ற தொகையை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது. காப்புரிமைச் சட்டம் அனைவருக்கும் ஒரே கட்டணத்தை விதித்தது. ஏட்டில் அது சமத்துவம். ஆனால் பெல்லுக்கு அது கைச்செலவு. மெயூச்சிக்கு அடுப்பெரிய வேண்டிய பணம். சொத்துரிமை என்பது சட்டப் புத்தகத்தில் எழுதிவைப்பதால் மட்டும் ஏழைக்குக் கிடைத்துவிடுவதில்லை. அதைப் பதிவு செய்ய, புதுப்பிக்க, நீதிமன்றத்தில் காக்கப் பணம் வேண்டும். அந்நாட்டு மொழி வேண்டும். நம்பகமான துணை வேண்டும்.

இன்று அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் சிறு நிறுவனங்களுக்கும் தனிநபர்களுக்கும் காப்புரிமைக் கட்டணம் குறைக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால், கட்டணம் ஒரு படி மட்டுமே. அந்நிய நாட்டுக்குப் பிழைக்கப் போய், புரியாத மொழியில் அச்சிட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சிறு வணிகர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது கடனோ பாராட்டோ அன்று. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் மொழியில் நேர்மையாகப் படித்துச் சொல்லும் ஒருவர். கிளிஃப்டன் மெழுகுவத்திப் பட்டறையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அந்த வீடு ஏலத்துக்கு வராமலேயே இருந்திருக்கக்கூடும்.