கல்லெழுத்தைப் படித்த சுந்தரனார்

மதுரையிலிருந்து குடிபெயர்ந்த வணிகக் குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். 1891-இல் ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி ‘நூற்றொகை விளக்கம்’ இயற்றினார். படிப்பாரின்றிக் கிடந்த கல்வெட்டுகளைத் தேடிப் படித்து, மறக்கப்பட்ட வேணாட்டு மன்னர் பலரின் காலத்தை நிறுவினார். 1897-இல், 42 வயதில் மறைந்தார்.

அரை நூற்றாண்டுக்குப்பின், 1948-இல், அமெரிக்க அறிஞர் ஷானன் தகவற்கோட்பாட்டை வகுத்தார். கல்லெழுத்து, கணினிக்குறி, மரபணு ஆகிய மூன்றையும் செய்தி சுமக்கும் குறிவரிசைகளாகக் காண அது வழிவகுத்தது. எழுத்து நிலைத்திருப்பினும் அதைப் படிப்பார் இருந்தால்தான் செய்தி வாழும் என்பதைச் சுந்தரனாரின் வாழ்வு உணர்த்துகிறது.