எம். கே. தியாகராஜ பாகவதர்

எம். கே. தியாகராஜ பாகவதர் (1910 - நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும் பாடகரும் ஆவார். எம். கே. டி என்ற சுருக்கப் பெயராலும் அறியப்படுகிறார். மாயவரத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தவர். நாடக மேடையிலிருந்து 1934 ஆம் ஆண்டு பவளக்கொடி மூலம் திரைக்கு வந்தார். நடித்தவை 14 படங்களே. சிந்தாமணி (1937), அம்பிகாபதி (1937), அசோக்குமார் (1941), சிவகவி (1943) ஆகியவை அவருக்குப் பெரும் புகழும் செல்வமும் ஈட்டித் தந்தன. தங்கத் தட்டில் உண்டார் என்று சொல்லப்படுவதுண்டு.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு

திரையுலகினரைப் பற்றி அவதூறாக எழுதிவந்த இதழாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைது செய்யப்பட்டனர். 1945 இல் நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. பின்னர் இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்களென விடுதலையாயினர்.

இதற்குள் சேர்த்த பொருளில் பெரும்பகுதி வழக்கிலேயே கரைந்துவிட்டது. ஒப்பந்தமான படங்களும் கைநழுவின. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றுள் இரண்டின்போது அதன் நாயகர் சிறையில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்காலம்

விடுதலைக்குப் பின் சொந்தமாகத் தயாரித்த ராஜமுக்தி (1948) தோல்வியடைந்தது. அமரகவி (1952), சியாமளா (1952), அவரே இயக்கிய புதுவாழ்வு (1957) ஆகியவையும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை. குரல் குன்றவில்லை, பாட்டைக் குறைத்து வசனத்தை விரும்பும் காலம் வந்திருந்தது. கச்சேரிகளைத் தொடர்ந்தார். 49 ஆம் வயதில் சென்னையில் காலமானார். கடைசிப் படமான சிவகாமி 1960 இல் வெளியானது.